படப்பிடிப்பிடமும் பணியிடமும்: கார்ன்வால் கடலோர நடைபாதையில் 'போல்டார்க்' காட்சியிடங்கள் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோர நடைபாதையில் கார்ன்வால் பகுதியைக் கடப்போருள் பலர் 'போல்டார்க்' தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பு இடங்களைக் காணும் நோக்குடன் வருகின்றனர். அவர்கள் காண வரும் எந்திரக்கூடங்களும் துறைமுகமும் சிறுகுடாக்களும் முன்பு வெள்ளீய, செம்புச் சுரங்கத் தொழிலோடு பிணைந்திருந்த பணியிடங்கள் ஆகும். ஒரு பணியிடம் படப்பிடிப்பிடமாக மாறும்போது அதன் வரலாற்றில் எது எஞ்சுகிறது, எது மறைகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழ்த் திணைக் கோட்பாட்டின் முதல், கரு, உரி என்னும் பகுப்பு இதற்கு ஆய்வுக் கருவியாகக் கொள்ளப்படுகிறது. கார்ன்வால் சுரங்கத் தொழிலோடு வரலாற்றுத் தொடர்புடைய கோலார் தங்கவயல் இறுதியில் ஒப்புநோக்கப்படுகிறது.

குறிச்சொற்கள்: தென்மேற்குக் கடலோர நடைபாதை, திரைச் சுற்றுலா, போல்டார்க், கார்ன்வால் சுரங்கங்கள், கருப்பொருள், கோலார் தங்கவயல்.

1. முன்னுரை

திரைப்படத்தில் கண்ட இடத்தை நேரில் காணச் செல்லுதல் இன்று சுற்றுலாவின் ஒரு தனிப் பிரிவாக வளர்ந்துள்ளது. சூ பீட்டன் 2005இல் வெளியிட்ட திரைவழிச் சுற்றுலா குறித்த நூலுக்குப் பின் இத்துறை ஆய்வுலகிலும் தனக்கென ஓர் இடத்தைப் பெற்றது. எனினும் இவ்வாய்வுகளுள் பெரும்பகுதி பயணிகளின் எண்ணிக்கை, வருவாய், விளம்பரம், நெரிசல் ஆகியவற்றைச் சார்ந்தே அமைகிறது. படம்பிடிக்கப்பட்ட இடத்தின் முந்தைய வரலாறு, அதிலும் அங்கு உழைத்தோரின் வரலாறு, திரைப்புகழால் எவ்வாறு பாதிக்கப்படுகிறது என்னும் வினா வரலாற்று மாணவர்க்கு உரியது.

இவ்வினாவை எழுப்புவதற்குக் கார்ன்வால் கடற்கரை மிகவும் பொருத்தமானது. இதற்கு மூன்று காரணங்கள் உள. முதலாவது, இங்குப் பார்வையாளரை அழைத்துச் செல்லும் நடைபாதையே தொழில் நிமித்தமாகத் தோன்றியது. இரண்டாவது, படம்பிடிக்கப்பட்ட கட்டடங்கள் விபத்து, உயிரிழப்பு, புலம்பெயர்வு ஆகிய பதிவுகளை உடையவை. மூன்றாவது, இங்கிருந்து சென்ற சுரங்கத் தொழில்நுட்பமும் நிர்வாகமும் தமிழ்த் தொழிலாளர் வரலாற்றை நேரடியாகத் தொட்டுள்ளன.

திரைச் சுற்றுலா ஒரு நிலத்தின் தோற்றத்தையும் அதனோடு இயைந்த உணர்ச்சியையும் பாதுகாத்து, அந்நிலத்தின் தொழிலைக் கதைத் தலைவனின் பெயருக்கு மாற்றிவிடுகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. அதே வேளையில், பணியிடத்தின் வரலாற்றைச் சொல்லுவதற்குரிய வாய்ப்பையும் அதே சுற்றுலாதான் உண்டாக்குகிறது. இவ்விரு நிலைகளையும் ஒருங்கே காண்பது தேவை.

2. ஆய்வு நோக்கு

ஜான் அர்ரி 1990இல் முன்வைத்த 'சுற்றுலாப் பார்வை' என்னும் கருத்து, பயணி ஓரிடத்தைத் தன் இயல்பான கண்ணால் காண்பதில்லை என்பதை வலியுறுத்தியது. முன்பே கண்ட படங்களும் படித்த எழுத்துகளும் அப்பார்வையை அமைத்துத் தருகின்றன. இக்கருத்து பார்வையாளரை விளக்குகிறது. பார்க்கப்படும் இடத்தின் உறுப்புகளைப் பகுத்துக் காட்டுவதில்லை.

அப்பகுப்பைத் தமிழ்ப் பொருளிலக்கணம் தருகிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் உள்ள தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலானவை கருப்பொருள். மக்களின் ஒழுக்கமும் உணர்வும் உரிப்பொருள். தொல்காப்பியம் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தொழிலைச் 'செய்தி' என்னும் சொல்லால் சுட்டுகிறது. நெய்தல் நிலம் எனின் கடலும் மணலும் மட்டும் அமையா. மீன்பிடித்தலும் உப்பு விளைத்தலும் உப்பு விற்றலும் சேர்ந்தே அது நெய்தலாகிறது. இரங்கல் என்னும் உரிப்பொருளும் இவற்றின் நடுவிலேயே நிகழ்கிறது.

திணை என்பது செய்யுள் மரபு. சமூகவியல் சான்று அன்று. சங்கப் பாடல்களில் தொழில் பெரும்பாலும் பின்னணியாகவே வருகிறது என்பதும் உண்மை. ஆயினும் நிலம், தொழில், உணர்வு ஆகிய மூன்றையும் வேறுபிரித்தும் ஒருசேரவும் எண்ணும் இம்முறை, திரை ஒரு கடற்கரையை எவ்வாறு கையாள்கிறது என்பதைச் சோதிப்பதற்குத் தகுந்த அளவுகோல் ஆகும். இக்கட்டுரை அதனை அந்த அளவிலேயே பயன்படுத்துகிறது.

3. நடைபாதையின் தோற்றம்

தென்மேற்குக் கடலோர நடைபாதை சாமர்செட் மாவட்டத்தின் மைன்ஹெட்டில் தொடங்கி, டெவன், கார்ன்வால் கரைகளைச் சுற்றி, டார்செட் மாவட்டத்தின் பூல் துறைமுக முகத்தில் முடிகிறது. இதன் நீளம் 630 மைல், அதாவது ஏறத்தாழ 1,014 கிலோமீட்டர். கார்ன்வால் பகுதி 1973இல் திறக்கப்பட்டது. 1978இல் பாதை முழுமையடைந்தது.

இப்பாதையின் மூலம் கடலோரக் காவலரின் சுற்றுக்காவல் ஆகும். பிரான்சு முதலிய இடங்களிலிருந்து வரி செலுத்தாமல் மதுவும் தேயிலையும் பிற பொருள்களும் இறக்கப்படுவதைத் தடுக்க அரசு காவலரை அமர்த்தியது. 1822இல் கடலோரக் காவற்படை ஒரே அமைப்பாக ஒருங்கிணைக்கப்பட்டது. படகுகள் ஒதுங்கத்தக்க ஒவ்வொரு சிறுகுடாவையும் காவலர் மேலிருந்து எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. எனவே அவர்களுடைய தடம் குறுக்கு வழியை நாடாமல் கரையின் விளிம்பை ஒட்டியே வளைந்து சென்றது. இன்று பயணிகள் வியக்கும் இடைவிடாத கடற்காட்சி, கண்காணிப்பின் தேவையால் விளைந்தது.

'போல்டார்க்' கதையில் நாயகன் தன் நிலத்தை ஒட்டிய குடாவைக் கள்ளக்கடத்தல்காரர் பயன்படுத்த இசைகிறான். அக்காட்சிகளை விரும்பும் பார்வையாளர், கடத்தல்காரரைப் பிடிப்பதற்காக நடந்து உருவான பாதையின் வழியே அக்குடாக்களை அடைகின்றனர். கதை 1783இல் தொடங்குகிறது. ஒருங்கிணைந்த காவற்படையோ அதற்கு நாற்பது ஆண்டு பிற்பட்டது. பாதையின் காலமும் கதையின் காலமும் வேறாயினும் நடப்பவர் மனத்தில் அவை ஒன்றாகின்றன.

4. திரைக்கு முந்தைய பார்வையாளர்

சுரங்கத்தைக் காட்சியாகக் காணும் வழக்கம் தொலைக்காட்சியோடு தொடங்கியதன்று. நாவலாசிரியர் வில்கி காலின்ஸ் 1850ஆம் ஆண்டுக் கோடையில் கார்ன்வாலில் நடைப்பயணம் மேற்கொண்டு, அடுத்த ஆண்டு அதனை நூலாக்கினார். கடற்பாறையின் மீது அமைந்த பாட்டலாக் சுரங்கத்துள் அவர் சுரங்கத் தொழிலாளர் உடையில் இறங்கினார். தலைக்கு மேலே கடல் முழங்குவதைக் கேட்ட அவருடைய அனுபவம் பிற்காலப் பயணிகளுக்கு ஓர் அழைப்பாக அமைந்தது.

1863 ஏப்ரலில் இதே பாட்டலாக்கில், கடலடியை நோக்கிச் சாய்வாக இறங்கும் சுரங்கக் குழியில் வண்டியை இழுத்த சங்கிலி அறுந்து எட்டு ஆடவரும் ஒரு சிறுவனும் இறந்தனர். இரண்டாண்டு கழித்து, 1865இல், வேல்ஸ் இளவரசரும் இளவரசியும் அதே சாய்குழியில் இறங்கிச் சுரங்கத்தைப் பார்வையிட்டனர். அரச குடும்பத்தின் வருகை பார்வையாளர் கூட்டத்தைப் பெருக்கியது. ஒன்பது உயிர்களைக் கொண்ட வழி இரண்டே ஆண்டில் உயர்குடியினரின் அரிய அனுபவமாக மாறியது.

எனினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பார்வையாளர் வந்தபோது சுரங்கம் இயங்கிக்கொண்டிருந்தது. மெழுகுவர்த்தியைத் தொப்பியில் களிமண்ணால் ஒட்டிக்கொண்டு இறங்கும் தொழிலாளரையும், மேற்பரப்பில் தாதுவை உடைத்துத் தரம்பிரித்த 'பால் மெய்டன்' எனப்பட்ட பெண்களையும் அவர்கள் நேரே கண்டனர். இன்றைய பார்வையாளர் காண்பது ஓசையடங்கிய கட்டடத்தை மட்டுமே. இவ்வேறுபாடு முக்கியமானது, கருப்பொருள் நீங்கிய இடத்தைக் கதையால் நிரப்புவது எளிது.

5. நாவலும் தொடரும்

வின்ஸ்டன் கிரஹாம் 1908இல் மான்செஸ்டரில் பிறந்தவர். கார்ன்வாலின் வடகரையில் உள்ள பெர்ரன்போர்த்தில் நெடுங்காலம் வாழ்ந்தவர். போல்டார்க் வரிசையின் முதல் நாவல் 1945இலும் பன்னிரண்டாவதும் இறுதியுமான நாவல் 2002இலும் வெளிவந்தன. அமெரிக்க விடுதலைப் போரிலிருந்து திரும்பும் ராஸ் போல்டார்க் என்னும் சிறு நிலக்கிழான், குடும்பத்திற்குரிய செம்புச் சுரங்கத்தை மீண்டும் திறக்க முயல்வது கதையின் முதன்மை இழைகளுள் ஒன்று. பி.பி.சி. இதனை 1975 முதல் 1977 வரை ஒருமுறையும், 2015 முதல் 2019 வரை ஐந்து பருவங்களாக மறுமுறையும் தொடராக ஒளிபரப்பியது.

கதையில் வரும் சுரங்கத்தின் பெயர் 'வீல் லெஷர்'. பெர்ரன்போர்த்தில் இப்பெயரில் உண்மையான சுரங்கம் ஒன்றும் இருந்தது. 'வீல்' என்பது கார்னிஷ் மொழியில் வேலையையும் வேலையிடத்தையும் குறிக்கும் சொல். பின்னர் சுரங்கம் என்னும் பொருளில் நிலைபெற்றது. தமிழ் 'வேலை'யோடு இதற்குள்ள ஒலியொப்புமை தற்செயலானது; அதன்மேல் மொழியுறவு எதனையும் கட்டுதல் கூடாது. ஆயினும் இவ்வட்டாரத்தின் இடப்பெயர்கள் தொழிலைத் தம் முதற்சொல்லிலேயே தாங்கி நிற்கின்றன என்பது கருதத்தக்கது.

தொடரில் இடங்கள் அடைந்த மாற்றங்களைக் கீழ்வருமாறு தொகுக்கலாம். நாவலில் வடகரையின் நடுப்பகுதியைச் சார்ந்த வீல் லெஷர், 2015ஆம் ஆண்டுத் தொடரில் மேற்கு முனையில் செயின்ட் ஜஸ்ட் அருகேயுள்ள வீல் ஓல்ஸ் சுரங்கத்தின் எந்திரக்கூடமாயிற்று. ஆற்றுத்துறையான ட்ரூரோவின் துறைமுகமாகத் தென்கரையின் சார்ல்ஸ்டவுன் காட்டப்பட்டது. அந்நகரின் தெருக்களோ கார்ன்வாலுக்கு வெளியே, வில்ட்ஷயர் மாவட்டத்தின் கார்ஷம் நகரில் படமாக்கப்பட்டன. போல்டார்க் குலத்தின் பெரிய இல்லம் குளோஸ்டர்ஷயர் மாவட்டத்தில் உள்ளது. நாயகனின் வீட்டை ஒட்டிய கடற்கரைக் காட்சிகளுக்கு மேற்கு முனையின் போர்த்குவாராவும் லிசர்டு தீவகற்பத்தின் கைனான்ஸும் பயன்பட்டன. 1975ஆம் ஆண்டுத் தொடரில் அதே நாயகனின் வீடாக விளங்கியது பாட்டலாக் சுரங்கத்தை அடுத்த பாட்டலாக் மாளிகை.

எனவே தொடரைப் பின்தொடர்ந்து நடப்பவர் கதையின் வழியில் நடப்பதில்லை. கதையில் அருகருகே உள்ளவை நிலத்தில் பல நாள் நடைத் தொலைவில் உள்ளன. இரு பருவங்களின் படப்பிடிப்பும் ஒரே நாயகனுக்கு இரு வேறு இல்லங்களை அளித்துள்ளது. பார்வையாளர் கையில் கொண்டிருப்பது, 'இங்கே இன்னது இன்னதாகக் காட்டப்பட்டது' என்னும் வாய்பாட்டில் அமைந்த பட்டியல். இவ்வாய்பாடு உண்மைப் பெயரையும் கற்பனைப் பெயரையும் அருகருகே நிறுத்துகிறது. அவ்விரு பெயர்களுள் எதன்மீது நினைவு தங்குகிறது என்பதே வினா.

6. காட்சியிடங்களின் தொழில் வரலாறு

6.1 வீல் ஓல்ஸ்

கேப் கார்ன்வாலிலிருந்து வடக்கே நடப்பவர் கெனிஜாக் பள்ளத்தாக்கைக் கடந்து வீல் ஓல்ஸ் எந்திரக்கூடங்களை அடைகிறார். தொடரின் வீல் லெஷர் இதுவே. 1893 சனவரி 10 அன்று இச்சுரங்கத்தில் பணிபுரிந்தோர், நீர் நிரம்பிக் கிடந்த வீல் டிரீ என்னும் அடுத்த சுரங்கத்தின் பழைய சுரங்க வழியைத் தம்மை அறியாமல் உடைத்துவிட்டனர். வெள்ளம் புகுந்தது, பத்தொன்பது ஆடவரும் ஒரு சிறுவனும் மாண்டனர். உடல்கள் மீட்கப்படவில்லை. சுரங்கம் மீண்டும் திறக்கப்படவுமில்லை. அவ்விருபதின்மர் இன்றும் அந்நிலத்தின் அடியிலேயே உள்ளனர்.

விபத்தின் காரணம் நில அளவையில் நிகழ்ந்த பிழை. காந்த ஊசி காட்டும் வடக்கு, உண்மை வடக்கிலிருந்து விலகியிருக்கும். அவ்விலகல் ஆண்டுதோறும் சிறிது மாறும். பல பத்தாண்டுகளுக்கு முன் காந்த ஊசியைக் கொண்டு வரைந்த படத்தோடு புதிய அளவையைச் சேர்க்கும்போது அம்மாற்றத்தைக் கணக்கிட்டுத் திருத்த வேண்டும். வீல் ஓல்ஸ் படங்களில் அத்திருத்தம் செய்யப்படவில்லை. ஆகவே நீர் நிரம்பிய பழைய வழி இன்னும் தொலைவில் உள்ளது எனப் படம் காட்டியது; உண்மையில் அது சுவருக்கு அப்பால் இருந்தது. தொழிலாளர் தாம் காணாத படத்தின் பிழைக்கு உயிர் கொடுத்தனர்.

தொடர் சுரங்க உழைப்பை முற்றிலும் மறைத்தது என்று கூறுதல் பொருந்தாது. நிலத்தடிக் காட்சிகளும் விபத்தும் செம்பு ஏலமும் முதலீட்டாளரின் கலக்கமும் அதில் இடம்பெறுகின்றன. ஆனால் விபத்தின் சுமை அங்கு நாயகனின் மனச்சான்றின்மீது ஏற்றப்படுகிறது. இழப்பு, குற்றவுணர்வு, மீட்சி ஆகியன உரிமையாளனைச் சுற்றி அமைகின்றன. வீல் ஓல்ஸ் வரலாற்றில் அத்தகைய மீட்சி இல்லை. பொறுப்பும் இழப்பும் வெவ்வேறு மக்களுக்கு உரியவையாக இருந்தன.

6.2 பாட்டலாக்கும் லெவன்டும்

வீல் ஓல்ஸுக்கு வடக்கே, பாறைச்சரிவின் அடியில் கடலலை தொடும் நிலையில் நிற்கும் 'கிரௌன்ஸ்' எந்திரக்கூடங்கள் கார்ன்வாலின் அடையாளமாகவே ஆகிவிட்டன. ஒன்று நீரிறைக்கவும் மற்றொன்று தாதுவை மேலேற்றவும் கட்டப்பட்டவை. இரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சார்ந்தவை; 1780களின் கதையைப் பார்த்துவிட்டு வருபவர் காண்பது கதைக்கு அரை நூற்றாண்டும் அதற்கு மேலும் பிற்பட்ட தொழில்நுட்பத்தை. பாட்டலாக்கின் முதன்மைப் பணி 1895இல் நின்றது. பின்னர் 1906 முதல் 1914 வரை சிறிது காலம் மீண்டும் இயங்கியது. அங்கு எஞ்சியுள்ள சுவர்களுள் ஆர்சனிக்கைப் பிரித்தெடுத்த வளைவழிக் கூடங்களும் உள. நச்சுப் புகை குளிர்ந்து படிந்த அவ்வறைகளில் ஆட்களே புகுந்து ஆர்சனிக்கைச் சுரண்டி எடுத்தனர்.

மேலும் வடக்கே உள்ள லெவன்ட் சுரங்கம் 1820இல் நிறுவப்பட்டது. அதன் வழிகள் கடலடியில் ஒரு மைலுக்கு மேல் சென்றன. 2015ஆம் ஆண்டுத் தொடர் இதனை ஓர் உலோக உருட்டாலையாகக் காட்டியது. இச்சுரங்கத்தில் 1857இல் 'ஆளேற்று எந்திரம்' பொருத்தப்பட்டது. நீண்ட மரத்தண்டு ஒன்று குழியினுள் மேலும் கீழுமாக அசையும். அதில் குறிப்பிட்ட இடைவெளியில் படிகள் இருக்கும். குழியின் சுவரிலும் அதற்கேற்ற மேடைகள் இருக்கும். தண்டு உயரும்போது படியில் நின்று, உச்சியில் மேடைக்கு மாறி, அடுத்த உயர்விற்குக் காத்திருந்து தொழிலாளர் படிப்படியாக மேலேறினர். ஏணியில் ஏறும் களைப்பை இது பெரிதும் குறைத்தது.

1919 அக்டோபர் 20 அன்று பணிமுடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் ஏறிக்கொண்டிருந்த வேளையில் தண்டின் மேல்முனை இணைப்பு முறிந்தது. மரத்தண்டுகள் பக்கமேடைகளையும் இடித்துக்கொண்டு வீழ்ந்தன. 31 பேர் இறந்தனர். எந்திரம் மீண்டும் பொருத்தப்படவில்லை. ஆழமான தளங்கள் கைவிடப்பட்டன. 1930இல் சுரங்கம் மூடப்பட்டது. 1840ஆம் ஆண்டின் நீராவி எந்திரம் ஒன்று ஆர்வலர் முயற்சியால் அழிவிலிருந்து காக்கப்பட்டு, இன்று நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ளது. எந்திரம் பாதுகாக்கப்பட்ட அளவுக்கு அதனைச் சூழ்ந்த மனிதரின் பெயர்கள் பயணியின் நினைவில் நிலைப்பது அரிது.

6.3 சார்ல்ஸ்டவுனும் போர்த்குவாராவும்

சார்ல்ஸ்டவுன் துறைமுகம் சார்லஸ் ராஷ்லி என்பவரால் 1791க்குப் பின் கட்டப்பட்டது. வடிவமைத்தவர் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன். செம்புத் தாதுவை ஏற்றுமதி செய்யவும், பின்னர் வெண்களிமண்ணை அனுப்பவும் அது பயன்பட்டது. அதன் பழைய வடிவம் பெரிதும் மாறாமல் இருந்ததால் 1970களிலிருந்தே படக்குழுவினர் அங்கு வந்தனர். கடல் வணிகக் குடும்பம் பற்றிய 'தி ஒனிடின் லைன்' தொடர் அவற்றுள் ஒன்று. வணிகம் தேய்ந்தமை துறைமுகத்தின் வடிவத்தைக் காத்தது. காத்த வடிவம் திரைக்கு மூலதனமாயிற்று.

போர்த்குவாரா, 2015ஆம் ஆண்டுத் தொடரில் நாயகன் கடலில் நீந்தும் காட்சியால் பெயர்பெற்றது. அச்சிறுகுடாவின் பாறையைக் குடைந்து ஒரு குகைவழி செல்கிறது. வயலுக்கு உரமாகக் கடற்பாசியை அள்ளிச் செல்ல உழவர்க்கு வழி வேண்டியிருந்தமையால் செயின்ட் ஜஸ்ட் சுரங்கத் தொழிலாளர் அதனை வெட்டித் தந்தனர். தனிமையும் இயற்கையழகும் நிறைந்ததாகத் திரையில் தோன்றும் இவ்விடத்திலும் உளியின் தடம் உண்டு. முதற்பொருள் மட்டுமே எனத் தோன்றும் இடம்கூடக் கருப்பொருளின் ஆக்கமாக இருப்பதற்கு இது தக்க சான்று.

7. மரபுச் சின்னமும் திரைப்புகழும்

2006இல் யுனெஸ்கோ கார்ன்வால், மேற்கு டெவன் சுரங்க நிலத்தோற்றத்தை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. பத்துப் பகுதிகளைக் கொண்ட இதில் செயின்ட் ஜஸ்ட் வட்டாரமும் அடங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகச் செம்பில் மூன்றில் இரண்டு பங்கு இவ்வட்டாரங்களில் கிடைத்தது என்பதும், இங்கு வளர்ந்த தொழில்நுட்பம் உலகெங்கும் பரவியது என்பதும் அவ்வேற்புக்குக் காரணங்கள். 1860களில் செம்பு விலை வீழ்ந்தபோது தொழிலாளர் பெருந்தொகையாக ஆஸ்திரேலியா, வட அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளுக்குச் சென்றனர். 'கசின் ஜாக்' என்னும் செல்லப்பெயர் அவர்களுக்கு வழங்கியது.

ஆகவே ஒரே எந்திரக்கூடத்தின்மீது இன்று இரண்டு விளக்கங்கள் நிலவுகின்றன. மரபுச் சின்னம் அதனைத் தொழிற்புரட்சியின் சான்றாகக் காண்கிறது. திரைச் சுற்றுலா அதனைக் கதைக்களமாகக் காண்கிறது. இவை தம்முள் பகையானவை அல்ல. கதைக்காக வந்தவர் லெவன்டில் நீராவி எந்திரம் இயங்குவதைக் கண்டு தொழில் வரலாற்றை அறிவதுண்டு. தொடர் வெளிவராவிடின் அவர் அங்கு வந்திருக்கவே மாட்டார் என்பதும் ஏற்கத்தக்கதே. ஆனால் அழகிய அழிபாடு என்னும் தோற்றம் இரண்டு விளக்கங்களுக்கும் பொதுவாக அமைந்துவிடுகிறது. அழிபாடு எவருடைய வேலையிழப்பால் அழிபாடாயிற்று என்னும் வினா இரண்டிலும் பின்னுக்குத் தள்ளப்படும் வாய்ப்பு உண்டு. அருகிலுள்ள ஜீவர் சுரங்கம் 1990இல்தான் மூடப்பட்டது. அங்கு உழைத்தவர்களுக்கு இந்நிலம் பழங்காலமன்று.

8. கோலார்: ஓர் ஒப்புநோக்கு

கார்ன்வால் செம்புச் சுரங்கங்களில் நிர்வாகியாகப் புகழ்பெற்ற ஜான் டெய்லரின் பெயரால் அமைந்த ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம், 1880 முதல் கோலார் தங்கவயலின் சுரங்கங்களை நிர்வகித்தது. கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர் பலர் மேற்பார்வையாளராகவும் தொழில்நுட்பப் பணியாளராகவும் அங்கு வந்தனர். நிலத்தடியில் உழைத்தோருள் மிகப் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்ற ஒடுக்கப்பட்ட சாதியினர். உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக, மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்ற சாம்பியன் ரீஃப், அவர்களது உழைப்பால் உருவானது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன.

அங்கும் திரைப்படம் வந்தது. பிரசாந்த் நீல் இயக்கிய 'கே.ஜி.எஃப்.' கன்னடத் திரைப்படம் 2018இல் வெளியாகி அவ்விடப்பெயரை நாடெங்கும் பரப்பியது. அப்படத்தில் தொழிலாளர் அடிமைக் கூட்டமாகவும், அவர்களை மீட்க வெளியிலிருந்து வரும் நாயகன் ஒருவனாகவும் அமைகின்றனர். வரலாறோ வேறு. 1930 ஏப்ரலில் நிர்வாகம் கைரேகைப் பதிவைப் புகுத்தியபோது, தலைவன் எவனுக்கும் காத்திராமல் தொழிலாளர் தாமே பெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சுதேச மைசூர்த் தொழிலாளர் குறித்து ஜானகி நாயர் 1998இல் வெளியிட்ட நூல் இவ்வரலாற்றை விரிவாகப் பேசுகிறது. 2024இல் வெளிவந்த பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' வட ஆர்க்காட்டு ஒடுக்கப்பட்ட மக்களையே தங்கத் தேடலின் மையத்தில் நிறுத்தியது. அது புனைவே, எனினும் கருப்பொருளுக்கு உரியவரைக் கதையின் முன்னிலைக்குக் கொண்டுவந்தமையால் 'கே.ஜி.எஃப்.' படத்தினின்று வேறுபடுகிறது.

கார்ன்வாலும் கோலாரும் ஒரே நிர்வாக மரபால் இணைந்தவை; இரண்டிலும் தொழில் மூடப்பட்ட பின்னரே திரை அவ்விடங்களைத் தனதாக்கியது; இரண்டிலும் பெரும்புகழ் பெற்ற படைப்பு ஒற்றை நாயகனின் கதை. வேறுபாடு ஒன்றுண்டு. கார்ன்வாலில் திரைப்புகழ் வருமுன்னரே தொழில் வரலாற்றைச் சொல்லும் அமைப்புகளும் அருங்காட்சியகங்களும் வேரூன்றியிருந்தன. கதைப்பெயரோடு போட்டியிட உண்மைப் பெயருக்கு ஓர் ஆதரவு இருந்தது. அத்தகைய ஆதரவின்றித் திரைப்புகழ் முந்திவிடும் இடத்தில் கதையே வரலாறாகக் கொள்ளப்படும் இடர் மிகுதி.

9. முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு. முதலாவதாக, கார்ன்வால் கடலோரத்தின் 'இயற்கைக்' காட்சி பெருமளவு தொழிலால் ஆனது. நடைபாதை, எந்திரக்கூடம், துறைமுகம், குகைவழி ஆகிய நான்கும் அதற்குச் சான்று. இரண்டாவதாக, திரை நிலத்தையும் உணர்வையும் உள்ளவாறு எடுத்துக்கொண்டு, தொழிலை உரிமையாளனின் வாழ்க்கைக் கதையாக மாற்றுகிறது. வீல் ஓல்ஸ் வீல் லெஷராக மாறியமை இதன் தெளிந்த எடுத்துக்காட்டு. மூன்றாவதாக, இம்மாற்றம் திரையோடு தொடங்கியதன்று; 1863இன் விபத்துக்கும் 1865இன் அரச வருகைக்கும் இடைப்பட்ட குறுகிய காலம் அதன் பழமையைக் காட்டுகிறது. நான்காவதாக, திரைச் சுற்றுலாவை வரலாற்றின் பகையாகக் கருதவேண்டியதில்லை. கதைப்பெயர் சொல்லப்படும் அதே இடத்தில் உண்மைப் பெயரும் நாளும் இறந்தோர் தொகையும் சொல்லப்படின் அதுவே வரலாற்றுக் கல்வியின் வாயிலாகும்.

தமிழாய்வுக்கு இதனால் உடனடியாக அமையும் கடமை கோலாரில் உள்ளது. தங்கவயலில் உழைத்த தலைமுறையினர் பலர் இன்னும் வாழ்கின்றனர். சுரங்கங்களின் பெயர்கள், குடியிருப்பு வரிசைகளின் பெயர்கள், தொழிற்கருவிகளுக்கு அவர்கள் வழங்கிய தமிழ்ச் சொற்கள், பாறைவெடிப்புகளில் இறந்தோரின் நினைவுகள் ஆகியன வாய்மொழியாகவே பெரிதும் உள்ளன. படப்பிடிப்பிடத்தைக் காண வரும் பார்வையாளருக்கு அவற்றைச் சொல்லவேண்டுமாயின் முதலில் அவை தொகுக்கப்பட வேண்டும். களஆய்வு மாணவர் இப்பணியை மேற்கொள்ளுதல் காலத்தின் தேவை.